இழவு வீட்டில் வந்த சிரிப்பு

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அருஞ்சுனைக்குச் சொன்னது நினைவில் நிற்பதில்லை. அதனால் வெளியே கிளம்பும்போதெல்லாம் அவர் மனைவி பாண்டீஸ்வரி மாத்திரை டப்பாவுக்கு அடியில் சீட்டு எழுதி வைப்பாள்.

"ஏங்க, கம்மங்கூழு சட்டியில இருக்கு. மோரு ஊத்திக் கரைச்சுக் குடிச்சிட்டு மாத்திரை போடுங்க. சித்தப்பா கருமாதிக்குப் பரளச்சி போறேன். கதவை வெளிய பூட்டிட்டு"

அதோடு கை நின்றது. சித்தப்பா செத்த அன்று, ஒப்பாரிக்கு நடுவே இவர் கடகடவென்று சிரித்துவிட்டார். மூளையில் பட்ட அடியால் வரும் சிரிப்பு அது. "கூட இருக்கவுககிட்ட முன்னாடியே சொல்லி வைங்கம்மா" என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், பைத்தியம் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் வாயில் வந்தது வேறு: "குடிச்சிருக்காக."

சாராய வாடையே ஆகாத மனுஷர். சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

கதவைப் பூட்டுவதாக எழுதிய வரியை அடித்துவிட்டு எழுதினாள்:

"பூட்டலை. பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு மாதவன் ஆட்டோ கொண்டாருவான். வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்துருங்க. சிரிப்பு வந்தா சிரிங்க."

தாளில் இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"நீங்க வாரதுக்குள்ள, நீங்க குடிக்கலைன்னு அங்க எல்லார்கிட்டயும் சொல்லிருவேன். நான் எதைச் சொல்றேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அவுகளுக்கு இருக்கும்."