லேபிள் போன சீசா

அப்பா,

உங்களுக்குத் தயிர்சாதம் மூடி வைத்திருக்கிறேன். நான் வத்ஸலா அக்காவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சாவி எதிராத்து மாமியிடம்.

அந்த இளைக்கிற மாத்திரையால்தான் அக்காவுக்கு நெஞ்சு இப்படிப் படபடக்கிறதென்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்றவன்மேல் கேஸ் போடலாமா என்று வக்கீலைக் கேட்டேன். "லேபிளோடு சீசாவைக் கொண்டு வாப்பா" என்றார். நீங்கள் லேபிளைச் சுரண்டி, அலம்பி, நாமத்துக்கான ஸ்ரீசூர்ணம் போட்டு வைத்திருந்ததையே கொண்டுபோய் நீட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார். சாட்சி இல்லாமல் ஒன்றும் செய்வதற்கில்லையாம்.

நேற்று உங்களிடம் கத்தினேன். கத்தியும் லேபிள் ஒட்டிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தால், அவர்கள் கேட்டபடியே பெண் இளைத்துவிட்டாள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று: அக்கா உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நெற்றிக்கு இட்டுக்கொண்டு வாருங்கள். அந்தச் சீசாவிலிருந்தே இட்டுக்கொள்ளுங்கள், இனி அது வேறெதற்கும் ஆகாது.

முரளி