பந்து வராத பக்கம்

அக்டோபர், சனி இரவு

கையால் பந்தை எறிந்து ஆடும் அமெரிக்க வகைக் கால்பந்தில், மகன் கோர்னர்பேக் என்ற தடுப்பாட்டக்காரனாக ஆடுவதை இன்றுதான் முதல்முறை மைதானத்தில் பார்த்தேன். ஆட்டம் முடியும்வரை அவன் பக்கம் பந்து வரவேயில்லை. அமெரிக்காவில் இரண்டு அணிகள் வேண்டாமென்று அனுப்பிய பிள்ளை. இப்போது கனடாவில், மொன்றியல் அணியிலும் அதே கதைதானோ என்று நினைத்தேன். அவனோ சிரித்துக்கொண்டு வந்தான்.

"ஏன் தம்பி, பந்தே வரேல்லை?"

"மற்ற அணிக்காரர் நான் மறிக்கிற ஆளுக்குப் பந்து எறியப் பயந்திட்டாங்கள் அம்மா. அதுதானே என்ர வேலை! அடுத்த வருசமும் அணியில நிக்கட்டாம் எண்டு கோச் சொன்னவர்."

இத்தனை வருடமும் மொன்றியல் லாசால் பகுதிக் கோயிலில், பந்து அவனிடமே வரவேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியவள் நான். அமெரிக்காவில் பந்து அவன் பக்கமே போய், அவனை அனுப்பியதும் என் வேண்டுதலால்தானோ... அவனிடம் சொல்லவில்லை.

நாளைக்குப் பூசைக்கு முந்தியே போகவேண்டும். அந்தோனியாரே, பந்து மற்றப் பக்கமே போகட்டும்.