கனகலிங்கம் எழுதிய படம்

ஹம், ஜெர்மனி, 12 மார்ச் 2004

முதியோர் இல்லத்தில் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது இராயப்புவின் தொலைபேசி. கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். இப்போது என் கதையைப் படமாக எடுக்கிறான். "அக்கா, மண்டபத்தில மணவறை ஞாயிறு பின்னேரம் வரைக்கும் இருக்கும். கழட்ட முதல் ஒரு கலியாணக் காட்சி எழுதித் தாங்கோ."

என் கதையில் கலியாணமே இல்லை. இருந்தாலும் எழுதினேன் — கதாநாயகியின் தங்கைக்கு, மாப்பிள்ளை வராத கலியாணம். வசனத்தைக் குறைத்துவிட்டேன். நடிக்கிறவர்கள் ரயிலில் வரும்போதுதான் பாடமாக்குகிறார்கள். நீளமாக எழுதினால் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

எனக்குச் சந்தோசம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல சந்தோசம்.

4 ஏப்ரல்

இவர் கேட்டார்: "உமக்கு உந்தக் கூத்தெல்லாம் என்னத்துக்கு? சனம் என்ன கதைக்கும்?"

சனம்தான் எப்போதும் கதைக்கிறது. நானும் கொஞ்சம் கதைத்தால் என்ன?

20 ஜூன்

படத்தில் பெயர்கள் ஓடும் எழுத்தோட்டத்தில் போட இராயப்பு என் பெயர் கேட்டான். வேலை ஒப்பந்தத்திலும் கதவு மணியிலும் இருக்கிற மாதிரியே கொடுத்தேன்: ஜெ. கனகலிங்கம். இந்த நாட்டுக்கு நான் ஃப்ராவ் கனகலிங்கம், திருமதி கனகலிங்கம். எங்கள் பெண்களுக்கெல்லாம் புருஷனின் பெயர்தான் இங்கே குடும்பப் பெயர். ஜெயமலர் என்று கூப்பிட ஆளில்லை.

அதைத் திரையில் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

9 அக்டோபர்

மண்டபம் நிறைந்த சனம். பெயர் வந்தது. பின்வரிசையில் யாரோ, "ஆ, எங்கட கனகலிங்கம்!" என்று கைதட்டினார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. படத்தின் கடைசியில் கதாநாயகி புருஷனிடம் திரும்பிப் போகாமல் ரயிலேறுகிறாள். பெண்கள் இருந்த பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பிறகு மேடை. "கதாசிரியர் கனகலிங்கம் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம்."

இவர் எழும்பினார். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் எழும்புகிறார் என்று நினைத்து நானும் சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினேன். "நீர் இரும்" என்றார். போனார். குனிந்தார். போர்த்தினார்கள்.

"எல்லாம் உங்கட ஆதரவுதான்" என்று மைக்கில் சொன்னார்.

ஐயோ! ஒரு வரி வாசிச்ச மனுசனில்லை. ஒரு வரி! இராயப்புவுக்குத் தெரியும். அவன் கமெராவை விட்டு முகத்தை எடுக்கவேயில்லை.

10 அக்டோபர்

பொன்னாடை சோபாவில் கிடக்கிறது. கேட்டேன்.

"சபையில வைச்சு, நான் இல்லையெண்டு சொல்ல ஏலுமே? என்ர பேர்தானே போட்டிருந்தது."

இராயப்புவுக்கு எடுத்தேன். "விடுங்கோ அக்கா. இப்ப மாத்திச் சொன்னா அண்ணைக்கு அவமானமாப் போயிடும். பேர் வீட்டுக்குள்ளதானே இருக்கு."

வீட்டுக்குள்ள. ஓம்.

15 ஜனவரி 2005

தொலைக்காட்சியில் ஒரு விவரணப்படம். அமெரிக்காவில், படங்கள் பேசாத காலத்தில், நிறையப் பெண்கள் கதை எழுதியிருக்கிறார்கள். பலருடைய பெயரைத் திரையில் போடவே இல்லையாம். என் ஜெர்மன் காணாத இடங்களை மகள் லக்சிகா தமிழில் சொன்னாள். ஒருத்தி தட்டச்சு மெசினுக்கு முன்னால் இருந்து சிரிக்கிறாள். அவளுக்கும் யாரோ "நீர் இரும்" என்று சொல்லியிருப்பார்கள்.

"எங்கட அப்பாவும் இப்பிடித்தானே எழுதினவர்?" என்றாள் லக்சிகா. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு போடப் போனேன்.

2 பெப்ரவரி

"அடுத்த படத்துக்கும் நான் ஓமெண்டிட்டன். சித்திரைக்குள்ள எழுதித் தாரும்."

மாட்டேன் என்றேன். இவர் சிரித்தார்.

17 ஏப்ரல்

இவர் மேசையில், அடுத்த படத்தைத் தானே எழுதப் பார்க்கிறார். பேனை மூடியைக் கடித்தபடி கேட்டார்: "மாப்பிள்ளை ஓடிட்டான். அதுக்குப் பிறகு அவள் என்ன சொல்லுவாள்?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே எழுத்தாளர்."

தேத்தண்ணிக் கோப்பை சுவரில் உடைந்தது. துடைத்தேன், கறை போகவில்லை.

அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். துடைக்கத் துடைக்க அவள் என் காதுக்குள் கதைத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் இவருடையது.

3 செப்டம்பர்

கதை கிடைக்காமல் இராயப்பு அடுத்த படத்தைக் கைவிட்டான்.

8 நவம்பர் 2008

ஒரு சாமத்திய வீடு, தெரிந்தவரின் மகள் பெரியபிள்ளையானதற்கு. சாப்பாட்டு வரிசையில் ஒருவர் இவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, நீங்கள் எழுதாமல் விட்டது எங்களுக்குப் பெரிய நட்டம்."

இவர் பெருமூச்சு விட்டார். "மனம் விட்டுப்போச்சு, தம்பி." அந்த மனிதரின் கண் கலங்கிவிட்டது. நான் இவருடைய தட்டையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

வரும் வழியில் லக்சிகா காரின் பின் இருக்கையிலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, அப்பா ஏன் எழுதுறதை விட்டவர்?"

இவர் வீதியையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"களைச்சுப்போனார், பிள்ளை" என்றேன்.