தாய்மாமன் சீர்

பெங்களூர்ல இருக்கறவருக்கு,

போன்ல பேசினா பாதியிலேயே வெச்சுடுவீங்க. அதான் எழுதறேன்.

இண்டூருக்கு உங்க அக்கா மக சடங்குக்குப் போனேன். நீங்க சொன்ன மாதிரியே ஒரு புடவையும் ஒரு தட்டுப் பழமும்தான் எடுத்துட்டுப் போனேன். கடன் தீரட்டும்னு நீங்க சொன்னதால நம்ம வூட்டுல கறி எடுத்தே பல மாசம் ஆச்சு. பிள்ளைங்களுக்குப் பால்கூட பாதியாக் குறைச்சாச்சு.

மண்டப வாசல்ல நீங்க கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிற பேனர். மைக்குல, "தாய்மாமன் சீர், ரெண்டு பவுன் சங்கிலி!"ன்னாங்க. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. என் காதுல வேப்பங்குச்சி. கம்மல் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.

"தம்பி நகைக்கடையில கடன் சொல்லி வாங்கினான். நீ மகளிர் குழுவுல லோன் எடுத்துக் கட்டிடுவியாமே?"ன்னு உங்க அக்கா சிரிச்சாங்க. சாப்பிடாமலே பஸ் ஏறிட்டேன்.

நேத்து குழுத் தலைவி வந்தாங்க. "உன் வூட்டுக்காரர் போன் பண்ணாரு, லோனுக்குக் கையெழுத்துப் போடு"ன்னாங்க. போட மாட்டேன்னுட்டேன்.

பழைய கடனை என் கம்பெனிச் சம்பளத்துல நானே அடைக்கிறேன். சங்கிலிக் கடன் உங்களோடது. அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க. பையன் கேட்டா, அப்பாவுக்கு லீவு கிடைக்கலைன்னு சொல்லிக்கறேன்.

உங்க பிள்ளைங்களோட அம்மா