கிடாருக்கு ஒரு மயிரிழை பின்னால்

மார்ச் 4

புதுக் கணினி வந்துவிட்டது. பழையதிலிருந்து ஒலிப்பதிவுப் பெட்டியைக் கழற்றி இதில் சொருகினேன். பெட்டியை இயக்க, கணினி தானாகவே ஏதோ ஒரு பொது டிரைவர் மென்பொருளைப் போட்டுக்கொண்டது. பெட்டி செய்த கம்பெனியின் டிரைவரை இறக்கிப் போட வேண்டும், கொஞ்சம் பொறு என்றேன்.

“சத்தம் வருதுல்ல? அப்புறம் என்ன? அவ வந்துட்டா” என்றான் என் கணவன், கிடாரை மடியிலிருந்து இறக்காமல்.

அவள் பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிவிட்டு, மாலையில் இங்கே பாட வந்து தன் வாயைத் திறக்கிறாள்.

மார்ச் 5

இதுவரை அவன் மெட்டுகளுக்கெல்லாம் நான்தான் பாடினேன். இந்தப் பாட்டுக்கு மட்டும் வேறு குரல் வேண்டுமாம். ஒரு பாட்டுதானே.

என்னை அக்கா என்கிறாள். என்னைவிட ஆறு மாதம் சின்னவள். அவனை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அண்ணா என்றால் பல் கொட்டிவிடுமா?

மார்ச் 9

அவள் பாடியதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறான். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறேன். குரல் கிடாருக்கு ஒரு மயிரிழை பின்னால் வருகிறது. எல்லா வரியிலும்.

“கேளேன். முந்தவே மாட்டேங்கறா. எனக்காகக் காத்திருந்து வர்றா. நீ டாண்ணு தாளத்துல வந்து நிப்ப. நல்லாதான் இருக்கும், ஆனா கடிகாரம் மாதிரி.”

எனக்காக. காத்திருந்து. இந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 10

குளியலறைக் கண்ணாடி முன் பின்தங்கிப் பாடிப் பார்த்தேன். குடித்தவள் பாடுவது போல இருந்தது.

மார்ச் 14

மற்ற பாட்டுகளையும் அவளைப் பாட வைத்துப் பார்க்கலாமா என்கிறான். என் பாட்டுகளை.

“சும்மா ஒரு ட்ரயல்தான். மூஞ்சிய ஏன் அப்படி வச்சுக்கற?”

வேற எப்படி வச்சுக்கணுமாம்? வயிறு எரியுது. எழுதிட்டேன். எரியுது.

மார்ச் 17

அவன் வருவதற்கு முன்பே வந்துவிட்டாள். ஹெட்போனை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? பாடும்போது உங்க குரல் உங்களுக்கு லேட்டா கேக்குமா? நான் ஆன்னு இழுத்தா, அது அப்புறமா இழுக்குது. யாரோ எனக்குப் பழிப்புக் காட்டற மாதிரி. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், சிரிக்கறார். நான்தான் தப்பா பாடறேனோன்னு பயமா இருக்குக்கா.”

எனக்கு அப்படியெல்லாம் கேட்டதில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். பழைய கணினியில் கேட்காதுதான். புதியதில் நான் பாடவே இல்லையே.

மார்ச் 18

ஹெட்போனை மைக்கின் மேல் கவிழ்த்தேன். தாளத்துக்கான டிக் டிக்கை ஓடவிட்டு அதையே பதிவு செய்தேன். திரையில் டிக்குக்கு நேர் கீழே அதன் பதிவு விழ வேண்டும். விழவில்லை. ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை தள்ளி.

அறையில் யாரும் பாடவில்லை. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. எல்லாம் அந்தப் பொது டிரைவர். இத்தனை நாளாக நான் பொறாமைப்பட்டது இதன் மீதா?

சிரித்தேன். பிறகு — இல்லை. தாமதம் டிரைவருடையது. அதற்கு ‘எனக்காக’ என்று பேர் வைத்தது அவன்.

மார்ச் 19

மாற்றவில்லை. அதே டிரைவரில் நான் பாடிப் பதிந்தேன். காதில் பின்னால் வரும் என் குரலைச் சட்டை செய்யாமல், டாண்ணு தாளத்தில்.

பதிந்ததை ஓடவிட்டிருந்தேன். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது காதில் விழுந்துவிட்டது. “இன்னிக்கு அவ எப்ப வந்தா? பாத்தியா, இதத்தான் நான் சொன்னேன்!”

“நான்” என்றேன்.

“என்ன நான்?”

ஒன்றுமில்லை என்றேன். ஆறு வருஷமா என் குரலக் கேக்கறான்.

மார்ச் 21

கம்பெனி டிரைவரைப் போட்டேன். கணினியை அணைத்து எழுப்பினேன். டிக் மேல் டிக் விழுந்தது.

பல் டாக்டர் ஒரு வரி பாடினாள். கண் விரிந்தது. “அக்கா! இப்பதான் நானே பாடற மாதிரி இருக்கு.”

தாளத்தில் இம்மி பிசகவில்லை. என்னைப் போலவே. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது என்னைவிடச் சுத்தமாக. மறுபடி எரிந்தது. ஆனால் இது அவள் குரலைக் கேட்டு வந்த எரிச்சல். அவனுக்கு இதில் பங்கில்லை.

மார்ச் 24

“பாட்டுல உயிரே போயிடுச்சு” என்றான். டிரைவர்தான் காரணம் என்று திரையில் காட்டி விளக்கினேன். 19ஆம் தேதி அவன் கேட்டது என் குரல் என்பதையும் சொன்னேன். தலையாட்டினான்.

இப்போது அறைக்குள் உட்கார்ந்து, அவள் குரலைச் சுட்டியால் பிடித்து, துளித்துளியாகக் கிடாருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறான். அது முடிந்ததும் என் குரலை இழுப்பானாம்.

கதவைச் சாத்திவிட்டு நானும் அவளும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். கிடார் இல்லாமல் பாடினோம். எனக்கு எட்டாத இடத்தை அவள் அநாயாசமாகத் தொட்டாள். பொறுக்க முடியவில்லை. இன்னொரு தடவை பாடு என்றேன்.