பியானோவுக்குள் வைத்த ஜாடி

பிஷ்கெக்,
நவம்பர் 24

அன்பு மகள் சினாராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் பூனையும் சுகம். நீயும் சுகம்தான் என்று போனில் உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், ஆனாலும் கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் உன்னை உட்காரவாவது விடுகிறார்களா? போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் உன் அப்பா நடுவில் தலையை நீட்டி, அங்கே மழையா வெயிலா என்று ஆரம்பித்துவிடுகிறார், இது குறுக்கே ஆள் வராமல் சொல்ல வேண்டிய விஷயம். மேல்மாடிப் பெண் வியாழக்கிழமை ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாள், அவளிடம் இதையும் ஒரு பை உப்புத் தயிர் உருண்டையும் கொடுத்துவிடுகிறேன். உருண்டையை ஒரே நாளில் தின்று தீர்க்காதே.

இந்த மாதம் எனக்கு மூச்சு விட நேரமில்லை. ஒன்றாம் தேதி ஊர் முழுக்கக் குளிருக்கான வெந்நீர்க் குழாயைத் திறந்தார்கள், வீடெல்லாம் சூடாகிப் பியானோ மரமெல்லாம் காய்ந்து, மூன்றாம் நாளே என் போன் அலற ஆரம்பித்துவிட்டது. குழாய் திறந்து இரண்டு வாரம் பொறுங்கள், மரம் ஒரு நிலைக்கு வந்த பிறகு சுருதி சேர்க்கலாம் என்று வருஷா வருஷம் தொண்டை கிழியச் சொல்கிறேன், கேட்பவர் யார்? செவ்வாய்க்கிழமை ஒரு மழலையர் பள்ளியில் பியானோவின் கீழ்ப் பலகையைக் கழற்றினால் உள்ளே ஒன்பது பென்சில், ஒரு கரண்டி, யாரோ குழந்தை தின்னப் பிடிக்காமல் ஒளித்து வைத்த மூன்று ஈரல் துண்டுகள், அதுவும் கல்லாகக் காய்ந்து. மறுநாள் ஓர் என்ஜினியர் வீடு. அவர் சுருதி காட்டுகிற செல்போனை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "அக்கா, முள்ளு இன்னும் நடுவுக்கு வரல பாருங்க" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் சொன்னார். "அப்போ முள்ளையே உக்காந்து வாசிக்கச் சொல்லுங்க, நான் கிளம்புறேன்" என்றேன். அதன் பிறகு மனிதர் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அந்தப் பழைய கர்னல் இன்னும் அந்த வீட்டுக்குக் கீழ்த் தளத்தில்தான் இருக்கிறார், ஒரே சுரத்தை நாற்பது தரம் தட்டினால் மனிதருக்கு ஆகாது, படியேறி வந்து, "அம்மா தாயே, ஒரு பாட்டாவது வாசிச்சுட்டுத் தட்டேன்" என்று கெஞ்சினார். எனக்குத் தெரிந்தது அந்த வால்ட்ஸ் பாட்டின் முதல் பாதி ஒன்றுதானே, அதை வாசித்தேன். மீதி எங்கே என்றார். அடுத்த வருஷம் என்றேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். போன மாதம் நீ கேட்டாய். நீ கட்டிக்கொள்ள நினைக்கிற அர்கேன் தன் அம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னானாம், பெண் யார் என்று சந்தோஷமாகக் கேட்டவள் என் பெயரைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டாளாம், மூன்று வாரமாகச் சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. "உனக்கும் அவங்களுக்கும் என்னம்மா?" என்று கேட்டாய், லைன் சரியில்லை என்று நான் வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உனக்கு மாமியாராக வரக்கூடியவளை அவள் இவள் என்று எழுதுகிறேன், கோபம் இன்னும் அடியில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அர்கேனின் அம்மா கென்ஜெகுல் ஓர் இசைப்பள்ளியில் பியானோ ஆசிரியை. அந்தப் பள்ளியின் பதினொரு பியானோவும் என் கையில்தான் இருந்தன, அவள் வீட்டுப் பியானோவும்தான். குளிர்காலத்தில் மரம் வெடிக்காமல் இருக்க நான் எல்லா வீட்டிலும் வைப்பது போல அங்கேயும் கீழ்ப் பலகைக்குப் பின்னால் மூன்று லிட்டர் ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் வைத்து வாயில் ஈரத்துணி கட்டியிருந்தேன். ஜனவரியில் ஒரு தந்தி அறுந்தது என்று கூப்பிட்டாள். போனேன், ஜாடியைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினேன், அந்தத் தடிமனில் தந்தி கைவசம் இல்லை, நாளைக்கு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். நான் மறுநாளே வருவேன் என்பது அவள் புருஷன் பெய்ஷெனுக்குத் தெரியாது. மறுநாள் அவளுடைய சக ஆசிரியைகள் இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி லூத்மிலா பாவ்லொவ்னா, இன்னொருத்தி ஸாகிரா. நான் பலகையைக் கழற்றினேன். குப்பென்று வோட்கா வாடை. ஜாடியில் முக்கால்வாசி வோட்கா. கென்ஜெகுல் குனிந்து முகர்ந்து பார்த்தாள். "இது உங்க ஜாடிதானே? நேத்து நீங்கதானே ஊத்தினீங்க?" என்றாள். நான் நிமிர்ந்தேன், அவளுக்குப் பின்னால் வாசற்படியில் பெய்ஷென் ட்ராலிபஸ் ஓட்டுநர் சட்டையோடு நிற்கிறார், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மனைவி முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். ஸாகிராவின் அண்ணன்தான் அவர் வேலை பார்த்த பஸ் டிப்போவில் மேலாளர் என்பது எனக்கும் தெரியும். நான், "என் ஜாடிதான்" என்றேன். அது பொய்யில்லையே, ஜாடி என்னுடையதுதான். என் பையில் கட்டைகளைத் துடைக்க வைத்திருக்கும் ஸ்பிரிட் பாட்டில் வேறு, ஸாகிரா அதையும் எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். கென்ஜெகுல் கதவைத் திறந்து, போங்கள் என்றாள். ஒரு வாரத்தில் பள்ளியிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஏன் வாயை மூடிக்கொண்டாய் என்று உன் அப்பா அப்போதே குதித்தார். நான் அவரிடமும் ஜாடி யாருக்குப் பயன்பட்டது என்று சொல்லவில்லை. என் வேலை என்ன சினாரா, அடுத்தவர் வீட்டில் மூடி வைத்ததைத் திறக்கிற வேலை. காதல் கடிதம் பார்த்திருக்கிறேன், ஒரு வீட்டில் கல்யாணச் சங்கிலி, இன்னொரு வீட்டில் அந்த வீட்டுக்காரர் பல்செட். பலகையைத் திரும்ப மாட்டும்போது அதையும் சேர்த்து மூடிவிட வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு எந்த வீட்டில் என்னை நம்பித் திறந்து விடுவார்கள்? அன்று நான் வாயைத் திறந்திருந்தால் சாயங்காலத்துக்குள் அந்த மனிதருக்கு வேலை போயிருக்கும். அப்படி நினைத்துத்தான் செய்தேன். பெரிய மனசு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன், மறைப்பானேன்.

இப்போது கேள். இந்த மாதம் ஐந்தாம் தேதி போன் வந்தது. "பியானோ சரியில்ல, வர முடியுமா அக்கா?" குரலிலேயே தெரிந்துவிட்டது. உன் விஷயத்தை முகத்துக்கு நேராக மறுக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். உன் அப்பா, போகாதே என்றார், பிறகு போவதானால் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போ என்றார். ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். கதவைத் திறந்தாள், தலை நரைத்துவிட்டது, உள்ளே வாங்க என்று வழிவிட்டாள். நான் உட்கார்ந்து இரண்டு கையையும் வைத்து ஒரு தரம் அழுத்தினேன், எனக்குப் பல் கூசியது. அரைச் சுரத்துக்கும் அதிகமாக இறங்கிக் கிடந்தது, ஒவ்வொரு தந்தியும் ஒவ்வொரு பக்கம் இழுத்தது. ஒரு பியானோ ஆசிரியை வீட்டில் இப்படியா என்று கடைசிக் கட்டையை வெளியே இழுத்துப் பார்த்தேன். சுருதி சேர்க்கிறவர்கள் தேதியும் பெயரும் பென்சிலால் அதன் பக்கத்தில்தானே எழுதுவோம். கடைசியாக எழுதியிருந்தது என் கையெழுத்து, அதுவும் அந்த ஜனவரிக்கு முந்தின நவம்பரில் எழுதியது. அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை. ஊரில் சுருதி சேர்க்க வோலோத்யா இருக்கிறான், ரயில்வேக் கிளப்புக்குச் செய்கிற பெண் இருக்கிறாள், பன்னிரண்டு வருஷமாக இவள் ஒருவரையும் கூப்பிடவில்லை. காது இருக்கிறவள் எப்படி இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் பிடிக்கவில்லை. இவ்வளவு இறங்கியதை ஒரே நாளில் ஏற்றினால் தந்தி தெறித்துவிடும், மூன்று தரம் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். முதல் தரமும் இரண்டாம் தரமும் நான் தட்டிக்கொண்டே இருந்தேன், அவள் அடுக்களையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தேய்த்ததையே தேய்த்தாள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் தரம் போன சனிக்கிழமை. மேலே கடைசி ஆறு சுரம் பாக்கி இருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, அன்னிக்கு சாயங்காலமே எனக்குத் தெரியும்" என்றாள். நான் போன பிறகு ஜாடியைக் கொட்டப் போனாளாம், பெய்ஷென் குளியலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். "ஸாகிரா கிட்ட உண்மையைச் சொன்னா இவருக்கு வேலை போயிடும், பையன் சின்னவன். நீங்களா ஒத்துக்கிட்டீங்க, நானும் அப்படியே விட்டுட்டேன். உங்க பேரை வித்து என் வீட்டைக் காப்பாத்திக்கிட்டேன். வேற ஆளைக் கூப்பிடவும் மனசு வரல, உங்களைக் கூப்பிடவும் மூஞ்சி இல்ல" என்றாள். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. தெரியாமல் பேசினாள் என்றுதானே இத்தனை வருஷம் ஆறுதல் பட்டேன். "ஒரு வாரம் தெரிஞ்சு சும்மா இருந்தா பயம்னு சொல்லலாம், பன்னிரண்டு வருஷத்துக்கு என்ன பேரு?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இரண்டு மாடி இறங்கினேன். சிரிக்காதே, அந்த ஆறு சுரம் பாக்கி என்று கால் நகரவில்லை. திரும்பி ஏறிப் போய் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆறையும் சேர்த்தேன், தேவைக்கு மேல் பலமாகவே தட்டினேன்.

நான் முடிப்பதற்குள் அவள் புருஷனைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, போனை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து ஸாகிராவைக் கூப்பிட்டாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஸாகிரா, "அனார்குல் அக்கா பக்கத்துல இருக்காங்களா? இருந்தா நான் என்ன சொல்றதுன்னே தெரியல" என்று அழுதாள். அடுத்தது லூத்மிலா பாவ்லொவ்னா. எண்பத்தொரு வயசு, காது அடைத்துவிட்டது. "யாரோட வோட்கா? சத்தமா சொல்லு!" என்கிறாள். கென்ஜெகுல் சொல்கிறாள், அவளுக்குக் காதில் விழவில்லை. கடைசியில் பெய்ஷென் போனைப் பிடுங்கி, "என்னோடது! என் வோட்கா! நான்தான் ஊத்தினேன்!" என்று கத்தினார். பக்கத்து வீட்டில் சத்தம் தாங்காமல் வெந்நீர்க் குழாயைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். லூத்மிலா பாவ்லொவ்னா, "அப்படியா? நல்ல வோட்காவா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. கென்ஜெகுல் சிரித்துக்கொண்டே அழுதாள். பெய்ஷென் அன்றோடு குடியை விட்டவராம், ஓய்வு பெறும்வரை வேலையில் ஒரு புகார் இல்லையாம். "இதை உங்க பொண்ணுக்கும் எழுதுங்க அக்கா, எங்க பையன்கிட்ட நானே சொல்றேன்" என்றார். இத்தனை வாரமாக அவள் பதில் சொல்லாதது உன்னை வேண்டாம் என்பதற்காக இல்லை மகளே. "உங்க பொண்ணு காதுல நிச்சயத் தோடு போட வரட்டுமான்னு கேக்க எனக்கு என்ன தகுதி இருக்கு" என்றாள். தோடு தயாராக இருக்கிறது, டப்பாவைத் திறந்து காட்டினாள், வெள்ளி, சின்ன நீலக் கல், உனக்கு எடுப்பாக இருக்கும். நான் என் பங்குக்கு மன்னித்துவிட்டேன் என்று சொல்லி அவள் போட்ட தேநீரையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் உன் பங்கை நான் கொடுக்க முடியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உனக்கு அப்போது பதினான்கு. உன் வகுப்பில் அந்தப் பெண், உன் அம்மா பியானோவுக்குள்ளே பாட்டில் ஒளித்து வைக்கிறாளாமே என்று கேட்டாள், நீ புத்தகப் பையால் அவள் மூக்கில் அடித்தாய், தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு விட்டார். நான் வந்து எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் உன்னை மன்னிப்புக் கேட்க வைத்தேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டாய். ஊரார் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்த எனக்கு, என் பெண்ணிடம், நீ நம்பியதுதான் நிஜம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. கென்ஜெகுல் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. என்னை மன்னித்துவிடு சினாரா. நீ அன்றைக்கு அடித்தது சரிதான்.

தோடு போட அவர்கள் எப்போது வரலாம் என்பதை நீதான் சொல்ல வேண்டும், யாருக்காகவும் அவசரப்படாதே, வேண்டாம் என்றாலும் நான் உன் பக்கம்தான். பெய்ஷென் தன் வாயால் சொல்லும்வரை அர்கேனிடம் நீ மூச்சு விடாதே. இரவுப் பணி முடிந்து நனைந்த தலையோடு படுக்காதே, தடித்த காலுறை போடு. எதிரே வருகிற பாதை உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும், உன் கை தொடுகிற நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், நீயும் நல்ல பிள்ளைகளைப் பெற்று, பழிச்சொல் கேட்காமல் வாழ வேண்டும்.

உன் அப்பா முத்தம் அனுப்பச் சொன்னார், கூடவே மழையா வெயிலா என்று எழுதவும் சொன்னார்.

அன்புடன்
உன் அம்மா அனார்குல்