இரண்டாம் சரணம்

வோபர்ன்
06.05.2025

தங்கச்சி கரோலின் அறிவது,

இருபத்தொரு வருடமாக உன்னோடு கதைப்பதில்லை. அந்தச் சொல்லை இன்றும் மீறவில்லை, எழுதுவது கதைப்பதாகாது.

நான் மண்டலினும் நீ பான்ஜோவும் வாசித்து, பதினாறு வருடம் ஒன்ராறியோ முழுக்கச் சேர்ச்சுகளில் அமெரிக்க நாட்டுப்புறப் புளூகிராஸ் மெட்டில் பாடிய ஞானப்பாட்டுகளை என் பேத்தி நிரோஷினி இன்ரநெற்றில் போட்டுவிட்டாள். ஒரு லட்சம் பேர் கேட்டிருக்கிறார்களடி! ஆகஸ்டில் பெரிய புளூகிராஸ் விழாவாம். அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து வந்தால்தான் மேடையாம். இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்டலினுக்குப் புதுக் கம்பியும் போட்டாயிற்று.

ஆனால் 2004 யூன் 19, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. பாட்டுப் போட்டியின் கடைசிச் சுற்று. நீ பச்சைச் சேலை. இரண்டு பேருக்கும் ஒரே மைக், மேல்குரல் பாடுகிற நீ ஓரடி பின்னால் நிற்பதுதான் எங்கள் ஒழுங்கு. நீயோ முன்னுக்குப் பாய்ந்து என் சரணத்தைப் பறித்தாய். பரிசும் போனது. முதலில் மன்னிப்புக் கேள்.

கோபம் ஆறாத அக்கா
அருள்நாயகி

ஸ்ரௌவ்வில்
12.05.2025

என் அன்பு அக்கா,

உங்கள் எழுத்தைக் கண்டதும் வாசலிலேயே கத்திவிட்டேன். “மாமி, விழுந்திட்டீங்களோ?” என்று மருமகள் ஓடிவந்தாள். ஒரு லட்சம் பேரா! உடனே பான்ஜோவை இறக்கினேன். விரல் நோகிறது, விடமாட்டேன்.

மன்னிப்புத்தானே, கேட்கிறேன். ஆனால் அக்கா, அன்று இரண்டாம் சரணத்தில் நீங்கள் சொல் மறந்து நின்றீர்கள். ஐந்து செக்கன். அதனால்தான் முன்னுக்கு வந்தேன். எதையும் மறவாதவள் என்று எல்லாரும் சொல்லும் உங்களிடம் இதை எப்படிச் சொல்வது? அன்றைய பதிவுக் கசற்றை இத்துடன் அனுப்புகிறேன். கேட்காமல் எறிந்தாலும் சரி, விழாவுக்கு மட்டும் வாருங்கள்.

உங்கள் தங்கச்சி
கரோலின்

வோபர்ன்
19.05.2025

கரோலின்,

கசற் வந்தது. மூன்று தரம் கேட்டேன். ஐந்து செக்கன் இல்லை, ஏழு.

நீ கட்டியிருந்த சேலையின் கரை கூட என் கண்ணில் நிற்கிறது. அந்த ஏழு செக்கன் மட்டும் நினைவில் இல்லவே இல்லை. நீ வந்திராவிட்டால் இன்னும் நின்றிருப்பேன் போல.

இதை இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தாயே, அந்தக் கோபம் இன்றிலிருந்து தொடங்குகிறது. அது விழா முடியட்டும்.

“ஓம் எண்டு எழுதடி பிள்ளை, அவை வேறை ஆரையும் பிடிக்க முன்னம்!” என்று நிரோஷினியைக் கலைத்து விழாக்காரருக்கு எழுதுவித்துவிட்டேன். ஞாயிறு சேர்ச் முடிய நேரே இங்கே வா. பயிற்சி மூன்று மணிக்கு, ஒடியல் கூழ் அதற்குப் பிறகுதான்.

வரும்போது சரணங்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவா. யாரும் கேட்டால் உனக்கென்று சொல்.

அக்கா